கோடு சேராத துளிகள்

ஜூன் 9, பூவெப்லா

மொட்டைமாடியில் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல். ஊருக்கு மேற்கே இருக்கிற எரிமலைக்கு இருமல் வந்தால் என் சுடிதாருக்குத்தான் கேடு. கீழ்வீட்டுக்காரி முற்றத்திலிருந்து சத்தம் போட்டாள். "தண்ணி தொட்றாதீங்க, முதல்ல உதறுங்க! நனைச்சா அப்படியே பிடிச்சுக்கும்." உதறினேன். அரைமணி நேரம் தும்மினேன்.

இங்கே எல்லோரும் பேசுவது ஸ்பானிஷ். ஆனால் நோட்டில் எழுத உட்கார்ந்தால் அவர்கள் வாயெல்லாம் தமிழாகிவிடுகிறது. இருக்கட்டும், வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

வேலை இப்படி: ஸ்பெயின்காரன் வந்து இந்த நாட்டைப் பிடித்த ஐம்பது வருஷத்துக்குள் எடுத்த ஒரு குடிக்கணக்கு. இங்கத்துப் பூர்வகுடிகளின் நாவாத்ல் பாஷை பேசுகிற ஓவியர்கள் வரைந்தது. பக்கம் முழுக்க வரிசையாகத் தலைகள், ஒரு தலை ஒரு குடும்பம். தலையிலிருந்து மெல்லிய கோடு ஒன்று கிளம்பிப் போய் ஒரு சின்னப் படத்தைத் தொடும். முயல், பாம்பு, கேடயம், நட்சத்திரம். அதுதான் அந்த ஆளின் பெயர். வாக்குச்சீட்டில் வேட்பாளருக்குப் பக்கத்தில் சின்னம் இருப்பது மாதிரி. கண் மூடிய தலை என்றால் செத்துப்போனவன். கன்னத்தில் துளி இருக்கிற பெண்தலை என்றால் விதவை.

படத்துக்குக் கீழே எழுத்தர் ஒருவர் அதே பெயரை ரோமன் எழுத்தில் எழுதியிருப்பார். அதை நாங்கள் பார்க்கக்கூடாது. காப்பகத்துத் தலைவி ரெமெதியோஸ் அம்மாள் அந்த வரியை மறைத்துத்தான் எங்களுக்குப் படத்தைத் தருவார். எழுத்தைப் பார்த்துவிட்டால் அதன்பிறகு கண் படத்தைப் பார்க்காது, எழுத்து சொல்வதையே பார்க்கும். அதனால் இரண்டு பேர் தனித்தனியே படித்து, அட்டையில் எழுதி, கவரில் போட்டு, அவரவர் டிராயரில் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மூவரும் உட்கார்ந்து பிரிப்போம். பிறகுதான் மறைப்பை எடுப்பது. அடுத்தவர் அட்டையைப் பார்த்தவரும், வேண்டுமென்றே பொய்யாக எழுதியவரும் மறுபடி எந்தக் காப்பகத்திலும் வாசகராக உட்கார முடியாது. கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்தோம்.

நாயகி என்கிற நான் ஒருத்தி. இன்னொருவர் எலோய் குவாமாட்சி.

ஜூன் 13

இந்த வாரமும் எல்லா அட்டையும் ஒத்துப்போயிற்று. ரெமெதியோஸ் அம்மாளுக்கு வாயெல்லாம் பல். "ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு போல!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முந்தைய படம், பூச்சி அரித்த தாள், மங்கிய மை. இதை இரண்டு பேர் படித்தால் பத்துக்கு இரண்டாவது இடிக்க வேண்டும். ஆரம்பத்தில் இடித்தது. மார்ச்சில் நானும் எலோயும் முட்டிக்கொள்ளாத வெள்ளிக்கிழமையே கிடையாது. அப்புறம் எப்படி ஒத்துப்போக ஆரம்பித்தது?

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது தாண்டியவர். நாவாத்ல் அவர் வீட்டில் பேசுகிற பாஷை. இந்தக் கணக்கில் வருகிற ஊர் அவர் ஊருக்கு அடுத்த ஊர். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே, இந்த மேசையில் ஒரு நாற்காலி கேட்டு எழுதிப்போட்டுக்கொண்டே இருந்தாராம். இந்த வருஷம்தான் கிடைத்தது. நல்ல மனுஷன் என்று வாட்ச்மேன் முதல் தலைவி வரை சொல்கிறார்கள். எல்லோரும் ஒரே குரலில் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஜூன் 17

எலோய் ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்து மேசையில் வைத்தார். பாப்பாலோவாம். கொத்தமல்லிக்கும் எதற்கோ பிறந்த மாதிரி ஒரு வாசனை.

"உங்க ஊர் இலை ஒண்ணு இங்க கிடைக்கலன்னு சொன்னீங்களே தொக்தோரா, கறிக்குப் போடுறது. இது அது இல்ல. இருந்தாலும் போட்டுப் பாருங்க."

டாக்டர் பட்டம் வாங்கிய பெண்ணை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் கறிவேப்பிலை பற்றிச் சொன்னது எப்போதோ ஏப்ரலில். இவ்வளவு ஞாபகமாகக் கவனிக்கிறவர் வேறு எதையெல்லாம் கவனிக்கிறாரோ.

ரசத்தில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 20

ஒன்று கவனித்தேன். என் கவரை நான் புதன்கிழமையே ஒட்டி வைத்துவிடுவேன். அவர் வியாழன் சாயங்காலம் வரை ஒட்டுவதில்லை. கேட்டால், "இன்னொரு தடவ பக்கம் முழுசையும் பாத்துட்டு ஒட்டுறேன்" என்கிறார். நான் டீ குடிக்கப் போகிற நேரத்தில் அந்த அறையில் அவர் மட்டும்தான் இருக்கிறார். என் டிராயர் பூட்டு ஹேர்பின்னுக்கே திறக்கும். கவரை விளக்குக்கு நேரே பிடித்தால் உள்ளே இருக்கிற எழுத்து தெரியும்.

இன்று டிராயர் கைப்பிடியில் துளி மஞ்சள்பொடி தடவி வைத்தேன். யார் தொட்டாலும் விரல் காட்டிக்கொடுக்கும் அல்லவா? மத்தியானம் பார்த்தால் எலோயின் விரல் நுனி மஞ்சள்! பிறகுதான் உறைத்தது. எலுமிச்சம்பழ சாதம் கொண்டுபோய் நானே அவருக்கு ஒரு கரண்டி வைத்திருக்கிறேன். அவரும் என்னை மாதிரிக் கையால் சாப்பிட்டிருக்கிறார். துப்பறிகிற லட்சணம் இது.

ஜூன் 26

நல்ல பூட்டு ஒன்று வாங்கினேன். சாவி என் கைப்பையில்.

பூட்டு மாட்டும்போது எலோய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜூலை 4

கண்டுபிடித்துவிட்டேன்! பூட்டு மாட்டிய முதல் வாரமே எலோயின் அட்டை ஒன்று தப்பு. முயலை நாய் என்று எழுதியிருக்கிறார். காது நீளத்தைப் பார்த்தால் ஊரிலிருக்கிற என் அக்கா, உலகக்காவின் பேரன்கூட முயல் என்று சொல்லுவான். மறைப்பை எடுத்ததும் முயல் என்றே வந்தது. ரெமெதியோஸ் அம்மாளுக்கே ஆச்சரியம். "என்ன எலோய், தூக்கமா?" என்றார்.

"கண்ணு கொஞ்சம் சரியில்ல" என்றார், என்னைப் பார்க்காமல்.

கண் சரியில்லையா, சாவி சரியில்லையா?

ஜூலை 11

மறுபடி ஒன்று. கேடயமும் தடியும் சேர்ந்தால் பகைவன் என்று பெயர், இந்தக் கணக்கில் பக்கத்துக்கு ஒருவனாவது இருப்பான். அதை வெறும் கேடயம் என்று எழுதியிருக்கிறார். ஐந்து மாதம் இந்த வேலை பார்த்தவர் செய்கிற தப்பா இது? என் அட்டையைப் பார்க்க முடியவில்லை, ஆள் தடுமாறுகிறார்.

வருகிற வழியில் கேஸ் வண்டி. தெருவே அதிர்கிற மாதிரி "காஆஆஸ்" என்று கூவிக்கொண்டு போகிறான். சிலிண்டர் மாற்றினேன். கைவலி.

ஜூலை 18

எல்லாம் ஒத்துப்போயிற்று. எல்லாம்!

யோசித்துப் பார்த்தேன். புதுப் பூட்டின் இன்னொரு சாவியை விதிப்படி நானே ரெமெதியோஸ் அம்மாளிடம் கொடுத்தேன். அவர் அதைத் தன் அறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறார். அந்த அறைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம்.

ஜூலை 23

உலகக்கா போன் பண்ணினாள்.

"ஏட்டி, நாளைக்கு ஒன் வீட்டுக்காரருக்குத் திதி. ஞாவகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"ஐயருக்குச் சொல்லிட்டேன். ஆத்தங்கரையில வச்சுக் குடுத்துருதோம். நீ அங்கன ஒரு வெளக்காவது ஏத்து. செத்துப்போனவன் பேரையெல்லாம் பூதக்கண்ணாடி வச்சுப் படிக்கிற, சொந்தப் புருசன் பேரச் சொல்ல ஒனக்கு வாய் வரமாட்டேங்கு."

"வேலை இருக்குக்கா."

"என்னைக்குத்தான் இல்ல? அன்னைக்கும் நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஊரே என்னத்தயோ பேசுச்சு, நான்தான் அவ அப்படித்தான்னு சொல்லி வாய அடச்சேன். ஏட்டி, அவரு மறச்சாருன்னா ஒனக்காகத்தாம்ல மறச்சாரு? வயித்துப்புண்ணு, வயித்துப்புண்ணுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னது ஒன்னப் பயங்காட்டக் கூடாதுன்னுட்டுதான்."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 24

தோசை மாவு புளிக்கவில்லை. வேலை அதிகம்.

ஜூலை 28

புதுப் பக்கம் வந்திருக்கிறது. மேல் வரிசையில் மூன்றாவது ஒரு ஆண் தலை. கண் திறந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே நீலத்தில் மூன்று துளி.

பார்த்தவுடன் கண்ணீர் என்று தோன்றியது. ஒரு கணம்தான். உடனே புத்தி வந்தது. இதுவரை வந்த பக்கங்களில் துளி விட்டவை எல்லாம் பெண் தலைகள். ஆணை அழுகிற மாதிரி இந்த ஓவியர்கள் ஒரு இடத்திலும் வரையவில்லை. நீலம், துளி, ஆண் என்றால் மழை. மழை என்று பெயர் வைத்துக்கொள்வது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். அவர்கள் பஞ்சாங்கத்தில் மழை ஒரு நாளின் பெயர், அன்றைக்குப் பிறந்தவனுக்கு அதுவே பெயர்.

மழை என்று எழுதினேன். எழுதி முடித்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

இந்த அட்டையை டிராயரில் வைக்கப்போவதில்லை. இது என் கைப்பையில் இருக்கும். டிராயரில் வேறு அட்டை. அதில் யாரும் எழுதாத, எழுதவே முடியாத ஒன்று இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "பெயர் இல்லை. கண்ணீர். மனைவியை இழந்தவன்" என்று எழுதி ஒட்டி வைத்தேன்.

எலோயும் அதையே எழுதினால் அவர் குட்டு உடைந்தது.

ஜூலை 30

எலோய் பாவமாகத்தான் நடந்துகொள்கிறார். இன்று குடை இல்லாமல் நின்றேன் என்று தன் குடையைக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்து வேனுக்கு ஓடினார். சிரித்துக்கொண்டே உதவி செய்கிறவர்களிடம் நான் ஏமாந்ததெல்லாம் போதும்.

ஆகஸ்ட் 1

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரெமெதியோஸ் அம்மாள் கவர்களைப் பிரித்தார். மூன்றாவது தலை. முதலில் எலோயின் அட்டை. "பெயர் இல்லை. கண்ணீர். மனைவி செத்தவன்." அடுத்து டிராயரிலிருந்த என் அட்டை. அதே! வார்த்தைகூட ஏறக்குறைய அதே.

"பாத்தீங்களா, ஒரே கண்ணு" என்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். மறைப்பை எடுக்கக் கையை நீட்டினார்.

"நிறுத்துங்க" என்றேன். கைப்பையிலிருந்து மழை அட்டையை எடுத்து மேசைமேல் போட்டேன். "நான் படிச்சது இதான். டிராயர்ல இருந்தது நான் வேணும்னே வச்ச பொய். அந்தப் பொய் இவருக்கு எப்படித் தெரிஞ்சுது? கேளுங்க."

எலோய் என் முகத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் படத்தத்தான் பாத்தேன் தொக்தோரா" என்றார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

ரெமெதியோஸ் அம்மாள் பக்கத்தை மூடி ஒரு உறைக்குள் போட்டு முத்திரை வைத்தார். காப்பகக் குழு விசாரிக்கிற வரை இதை யாரும் திறக்கக்கூடாதாம். எலோயை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். பொய் அட்டை வைத்த என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொறி வைத்தவளை யார் கேட்பார்கள்?

எனக்கு நிம்மதி. உண்மையாகவே நிம்மதி.

ஆகஸ்ட் 5

வாட்ச்மேன் எனக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை. வாசலில் சோளமாவுத் தமாலே விற்கிற பெண்கூட எலோய் எங்கே என்று கேட்கிறாள். இரண்டு வாங்கினேன். ஒன்றைச் சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 12

எலோய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாராம். விசாரணைக்கே வரவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தப்புச் செய்யாதவன் எதற்காக ஓடுகிறான்?

"இருபது வருஷம் காத்திருந்து வாங்குன எடம் நாயகி. வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும்னு சொன்னேன், 'என் அட்டையெல்லாம் நானே படிச்சு உண்மையா எழுதுனது'ன்னு. போட மாட்டேன்னுட்டார்" என்றார் ரெமெதியோஸ் அம்மாள்.

"போட முடியாது. அதான் போடல" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 19

மூக்குக்கண்ணாடிக்கு நட்டு மாற்றினேன். எலோயின் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 27

ராஜினாமாவோடு விசாரணை முடிந்துவிட்டதால் முத்திரை வைத்த பக்கத்தைத் திறந்து வேலையை முடிக்கச் சொல்லிவிட்டார்கள். ரெமெதியோஸ் அம்மாள் என்னைக் கூப்பிட்டார். மூன்றாவது தலைக்குக் கீழே இருந்த மறைப்பை அவர்தான் எடுத்தார். பழைய எழுத்தரின் கோணல் கையெழுத்து.

"மார்த்தின். மனைவி இறந்தவன்." மார்த்தின் என்பது பாதிரி வைத்த பெயர், அதற்குப் படம் கிடையாது.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். துளிகள் கண்ணிலிருந்து கன்னத்தில் இறங்குகின்றன. தலையிலிருந்து அவற்றுக்குக் கோடு இல்லை. பெயர் என்றால் கோடு இருக்கும். கோடில்லாமல் ஒரு பெயர்கூட இந்தக் கணக்கில் கிடையாது. இந்த விதியை மார்ச் மாதம் எலோய்க்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான். அவர் அப்போது துளி, புள்ளி எல்லாவற்றையும் பெயரோடு சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தார். "முதல்ல கோட்டப் பாருங்க, அப்புறம் படத்தப் பாருங்க" என்று நான்தான் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். அன்றைக்குப் பிறகுதான் எங்கள் அட்டைகள் ஒத்துப்போக ஆரம்பித்தன.

அவர் கோட்டைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. பெயர் தேடிப் பழகிய கண், தலைக்குப் பக்கத்தில் எதைக் கண்டாலும் பெயராக்கிவிட்டது.

பொய் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேனே, அப்போது நான் எழுதியது பொய்யே இல்லை. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது அதுதான்.

சங்கரலிங்கம் விஷயத்திலும் அப்படித்தான். அவர் கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே தெரிய ஆரம்பித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், வயிற்றுப்புண் என்று அவர் சொன்னதை எடுத்துக்கொண்டேன். அவர் ஏமாற்றினார் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

ஆகஸ்ட் 28

ரெமெதியோஸ் அம்மாள் எலோய்க்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். குற்றச்சாட்டு நிற்காது, ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். காரணம் கேட்டால் சொல்லவில்லையாம்.

"என்மேல இருக்கிற கோவமா?" என்றேன்.

"கோவம் மாதிரி தெரியல. போய்க் கேளுங்க. கேக்க வேண்டியவங்க நீங்கதான்."

ஆகஸ்ட் 30

சனிக்கிழமை. வேன் பிடித்து எலோய் ஊருக்குப் போனேன். குடையையும் எடுத்துக்கொண்டேன். சோளக்காட்டு ஓரம் அவர் வீடு. முற்றத்தில் தக்காளிப் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுத்தியலை வைத்துவிட்டு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மரியாதை மாறவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

"மன்னிச்சிருங்க. மறைப்ப எடுத்தாச்சு. நீங்க படிச்சதுதான் சரி" என்றேன்.

"தெரியும். அம்மா சொன்னாங்க."

"அப்புறம் ஏன் வரமாட்டேங்கிறீங்க? ஒரு கையெழுத்துதானே?"

அவர் ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "அட்டையெல்லாம் உண்மையா எழுதுனதுன்னு போடணும். எல்லாம் இல்ல. ரெண்டு பொய்."

"எந்த ரெண்டு?"

"அந்த முயல். அப்புறம் அந்தக் கேடயம்."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க பூட்டு வாங்குனீங்கல்ல? அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எதுக்கு வாங்குறீங்கன்னு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அட்ட ஒத்துப்போகும்போது உங்க மூஞ்சி போற போக்கப் பாத்தா எனக்குப் பயமா இருக்கும். சரி, ஒண்ணு ரெண்டு இடிச்சா இவங்க நிம்மதியா இருப்பாங்கன்னு நெனச்சேன். முயல்னு தெரிஞ்சேதான் நாய்னு எழுதுனேன். அடுத்த வாரம் தடிய விட்டுட்டு எழுதுனேன். அப்புறம் வெக்கமாயிருச்சு. அது எங்க அடுத்த ஊர்க்காரன் பேரு. யாரோ ஒருத்தரோட பார்வைக்குப் பயந்து அவன் பேர நான் மாத்தலாமா? நிறுத்திட்டேன்."

அந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் நான் வீட்டுக்கு வந்து என்ன எழுதினேன் என்று இந்த நோட்டைப் புரட்டினால் தெரியும். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன்.

"யாருக்கும் தெரியாதே. கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எவ்வளவு கேவலமான பேச்சு என்று தெரிந்தது.

"நானும் பொய் அட்ட வச்சேன், நீங்களும் பொய் அட்ட வச்சீங்க தொக்தோரா. நீங்க என்னப் பிடிக்கிறதுக்கு வச்சீங்க. நான் நீங்க நிம்மதியா இருக்கணும்னு வச்சேன். விதியில ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடையை வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். வேன் நிற்கிற இடம் வரை கூடவே வந்தார், வழியில் நாய் இருக்கிறது என்று.

செப்டம்பர் 1

குழுவுக்கு எழுதிவிட்டேன். பூட்டு, மஞ்சள்பொடி, இரண்டு அட்டை, எதையும் விடவில்லை. எலோயின் இரண்டு அட்டையைப் பற்றி நான் எழுதவில்லை, அது அவர் சொல்ல வேண்டியது. இன்று காலை அவரே வந்து சொல்லிவிட்டுப் போனதாக ரெமெதியோஸ் அம்மாள் சொன்னார்.

"ரெண்டு பேரும் இப்படி முந்திக்கிட்டு வந்து மாட்டிக்கிறீங்களே" என்றார்.

செப்டம்பர் 8

உலகக்காவிடம் நானே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமாக நடுவில் நாலு கேள்வி கேட்பவள், கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அந்த மனுசன் சாப்புட்டாரா, அவரு வீட்டுல யாரு இருக்கா, ஏதாவது கேட்டியாட்டி?" என்றாள் கடைசியில்.

கேட்கவில்லை. ஐந்து மாதம் ஒரே மேசையில் உட்கார்ந்து அவர் விரலைப் பார்த்திருக்கிறேன், அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை.

செப்டம்பர் 12

தெருவெல்லாம் பச்சை வெள்ளை சிவப்புக் கொடி. சுதந்திர தினம் வருகிறது. எல்லார் வீட்டிலும் மிளகாய்க்குள் கறியை அடைத்து வெள்ளைக் குழம்பு ஊற்றுகிறார்கள். கீழ்வீட்டுக்காரி ஒன்று கொடுத்துவிட்டாள். எதற்குக் கொடுக்கிறாள் என்று யோசிக்காமல் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 19

தீர்ப்பு வந்துவிட்டது. என் ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. எந்தக் காப்பகத்திலும் இனி நான் வாசகர் இல்லை. என் அட்டையால் ஒருவர்மேல் பழி விழுந்தது. எலோய் யாருக்கும் தெரியாததைத் தானாக வந்து சொன்னதால் அவரை முழுக்க விலக்கவில்லை. அடுத்த வருஷம் வேறு ஏதாவது ஏட்டுக்கு எழுதிப்போடலாம். ஆனால் இந்தக் குடிக்கணக்கை இரண்டு புது வாசகர்கள் முதலிலிருந்து படிப்பார்கள். நாங்கள் இருவரும் இனி இதைத் தொடக்கூடாது. பொய்யான மூன்று அட்டையையும் கிழிக்கக்கூடாது, எழுதியவரே பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ரெமெதியோஸ் அம்மாள் ஒரு பெட்டியிலிருந்து அட்டைகளை எடுத்து என் முன்னால் வைத்தார். மேலே எலோயின் இரண்டு. இரண்டிலும் ஒரே காரணம், பள்ளிக்கூட வாத்தியாரின் குண்டு குண்டான கையெழுத்தில்: "உடன் வாசிப்பவருக்குப் பயந்து."

நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். ரெமெதியோஸ் அம்மாள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

என் அட்டையில் எழுதினேன்: "முதலில் கண்டது இதுவே. கண்டதையும் நம்பவில்லை, உடனிருந்தவரையும் நம்பவில்லை." கையெழுத்துப் போட்டேன்.

"எலோய் இதப் படிப்பாரா?" என்று கேட்டேன்.

"அவர் நேத்தே வந்து எழுதிட்டுப் போயிட்டார் நாயகி. நீங்க என்ன எழுதுவீங்கன்னு கேட்டார். தெரியாதுன்னேன்" என்றார் ரெமெதியோஸ் அம்மாள். "இனி இந்தப் பெட்டிய அவருக்குத் திறக்க முடியாது."

அட்டைகளை வாங்கி உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டினார்.